பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்த துப்பாக்கி

முதல்லயே ஒரு டிஸ்கி. எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. காலேஜ்ல என்.சி.சி. கேம்ப்ல தரையில குப்புறப் படுத்துக்கிட்டு .22 ரைஃபிளில் அஞ்சு ரவுண்டு சுட்டிருக்கேன். அதுல ஒண்ணு பக்கத்துல படுத்திருந்தவனோட அட்டையில போய் விழுந்துச்சு. நம்ம வீரம் அத்தோட முடிஞ்சது :-) ஆனா ஒரு பொருள் ஏன் வேலை செய்யலைன்னு தோண்டிப் பார்க்கற கதைன்னா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இது அப்படி ஒரு கதை.

அமெரிக்கா மாதிரி நாடுகள்ல ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுட்டு முடிச்ச பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துட்டு வந்து, சுத்தம் பண்ணி, அளவுக்கு அமுக்கி, புது மருந்தும் புது குண்டும் வச்சு வீட்டிலேயே தோட்டா தயார் பண்றது. ரீலோடிங்னு சொல்வாங்க. (நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். யாரும் ஆசைப்படாதீங்க.) பிஸ்டல் தோட்டாவை இப்படிச் செய்யறவங்களுக்கு அடிக்கடி வர்ற தலைவலி ஒண்ணு இருக்கு. பார்க்க அம்சமா இருக்கும் தோட்டா, துப்பாக்கிக்குள்ள முழுசாப் போய் உட்காராது. ஒரு நூல் வெளியில நிக்கும்.

காரணம் பல இருக்கலாம். குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி உட்கார வச்சிருப்பாங்க. குண்டு உள்ள இறங்கறதுக்காகக் கூட்டோட வாயை லேசா விரிச்சிருப்பாங்க, அதைத் திரும்ப மடக்காம விட்டிருப்பாங்க. இல்லைன்னா போன தடவை சுட்டப்போ கூட்டோட அடிப்பக்கம் உப்பியிருக்கும், அது அளவுக்குத் திரும்பியிருக்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் ஒரு சோதனை வச்சிருக்காங்க. பிஸ்டலிலிருந்து குழலை மட்டும் தனியாகக் கழட்டி, தோட்டாவை அதோட பின்வாயில் போடறது. "டப்"புன்னு விழுந்து உட்காரணும். குழலைக் கவிழ்த்தா தானா வெளியே விழணும். விழுந்தா சரி, விழலைன்னா சரியில்லை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, காலிப்பர் வச்சு அளந்து "அளவு சரிதான்"னு சொல்றதோட அவங்க நிறுத்தறதில்லை. எந்தத் துப்பாக்கியில சுடப் போறாங்களோ அந்தத் துப்பாக்கியையே கேட்கறாங்க. இந்தத் தோட்டா சரியான்னு ஒரு கேள்வி. இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குச் சரியான்னு இன்னொரு கேள்வி. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஒண்ணு இல்லை.

இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்காம விட்டதால ஒரு ராணுவமே மாட்டிக்கிட்ட கதையைத்தான் சொல்ல வர்றேன். நாடு கனடா. வருஷம் 1915. துப்பாக்கியின் பெயர் ராஸ்.

கதை தொடங்கறது தென்னாப்பிரிக்காவில். 1899ல் போயர் யுத்தம் வெடிச்சப்போ கனடாவும் படை அனுப்பிச்சு. அப்போ கனடாவுக்கு லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் தேவைப்பட்டுச்சு. பிரிட்டனுக்கே பத்தலை, கனடாவுக்கு எங்கே போறது? சரி, எங்க நாட்டுல வந்து ஒரு தொழிற்சாலை வைங்கன்னு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. நடக்கலை. யுத்தம் வந்தா நம்ம கையில ஆயுதம் இருக்காது, அடுத்தவன் குடுத்தாத்தான் உண்டுங்கற பயம் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே அரசாங்கத்துக்கு வந்துடுச்சு. நியாயமான பயம்தான். இதை நினைவுல வச்சுக்கோங்க. இந்தக் கதையில தொடக்கத்துல கெட்ட எண்ணத்தோட யாரும் எதையும் செய்யலை.

அந்த நேரத்துல சரியா வந்து நின்னவர் சர் சார்லஸ் ராஸ். ஸ்காட்லாந்துல பரம்பரைப் பட்டம், பெரிய பண்ணை நிலம், கூடவே துப்பாக்கி வடிவமைக்கற பைத்தியம். தொழிற்சாலையை நானே கட்டறேன், என் டிசைனை வாங்கிக்கோங்கன்னார். 1903ல் 12,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. கியூபெக் நகரத்துல தொழிற்சாலை எழும்பிச்சு. 1905லிருந்து துப்பாக்கிகள் வெளியே வர ஆரம்பிச்சது.

ராஸ் துப்பாக்கியோட விசேஷம் அதோட போல்ட்தான். சாதாரண ரைஃபிளில் ஒரு தடவை சுட்டதும் போல்ட் கைப்பிடியை மேலே தூக்கணும், பின்னால இழுக்கணும், முன்னால தள்ளணும், கீழே அமுக்கணும். மொத்தம் நாலு அசைவு. ராஸில் ரெண்டே அசைவு. நேரா இழு, நேரா தள்ளு. போல்ட்டின் தலை உள்ளுக்குள்ள தானாகவே சுழன்று பூட்டிக்கும். காகிதத்துல பார்த்தா அருமை. இலக்கு மைதானத்துல அதைவிட அருமை. இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கி சுடும் போட்டிகள்ல ராஸ் கையில வச்சிருந்தவங்க பரிசுகளை அள்ளினாங்க.

ஆனா மைதானத்துக்கு வெளியே கொண்டு போனவங்க சொன்னது வேற. முதல்ல வாங்கினவங்க வடமேற்கு மவுண்டட் போலீஸ், நம்ம பாஷையில குதிரைப் போலீஸ். 1906ல் சுட்டுப் பழகறப்போ நடந்த ஒரு விபத்துல ஒருத்தருக்குக் கண் போச்சு. துப்பாக்கியே வேண்டாம்னு விட்டுட்டாங்க. ராஸ் அதைத் திருத்தினார். திரும்பத் திருத்தினார். மார்க் 1, மார்க் 2ன்னு போய், 1910 மாடல்னு சொல்லப்படற மார்க் 3 வந்தது. நீளம் 50.5 அங்குலம். பிரிட்டிஷ்காரன் கையிலிருந்த குட்டை லீ-என்ஃபீல்டு 44.5 அங்குலம்தான். எடையிலும் ராஸ் கிட்டத்தட்ட அரைக் கிலோ கூட. பதுங்குகுழிக்குள்ள திரும்பறதுக்கே இடம் இல்லாத யுத்தம் ஒண்ணு வரப்போகுதுன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்?

1911ல் கனடாவின் ராணுவ அமைச்சரா சாம் ஹியூஸ் வந்தார். ராஸின் மகா ரசிகர். நம்ம ஊர்ல தலைவர் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போறவங்களைப் பார்த்திருப்பீங்க இல்லையா, அந்த அளவு ரசிகர். ராஸைக் குறை சொன்னா கனடாவையே குறை சொன்ன மாதிரி எடுத்துப்பார். இதுதான் பின்னாடி ஆபத்தாச்சு.

இப்போ தோட்டாவுக்கு வருவோம். ராஸும் லீ-என்ஃபீல்டும் ஒரே தோட்டாவைத்தான் சுடும், .303. நம்ம ஊர் பந்தோபஸ்துல கான்ஸ்டபிள் தோள்ல பல காலம் தொங்கின "த்ரீ நாட் த்ரீ" இருக்கே, அந்தக் குடும்பம்தான். வங்காளத்துல இச்சாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டைப் பல பத்தாண்டுகள் செஞ்சாங்க. 2008 நவம்பர்ல மும்பை ரயில் நிலையத்துல தாக்குதல் நடந்தப்போ கூட சில போலீஸ்காரங்க கையில் .303 இருந்தது நினைவிருக்கும்.

தோட்டா போய் உட்கார்ற அறைக்கு சேம்பர்னு பேர். அந்த அறையைக் கடையறப்போ ஒரு முடிவு எடுக்கணும். தோட்டாவுக்கும் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடறது? இறுக்கமா வச்சா தோட்டா ஆடாம நேரா உட்காரும், குறி துல்லியமா விழும். தாராளமா வச்சா துல்லியம் கொஞ்சம் குறையலாம். ஆனா அழுக்கா, மணலா, கொஞ்சம் பெருத்த தோட்டாவா, எது வந்தாலும் உள்ளே போயிட்டு வெளியே வந்துடும். லீ-என்ஃபீல்டு தாராள ரகம். ராஸ் இறுக்கமான ரகம். வித்தியாசம் அங்குலத்துல ஆயிரத்தில் சில பங்கு. ஒரு தலைமுடியோட தடிமன்னு சொல்லலாம். அவ்வளவுதான்.

கனடா தன்னோட தோட்டாவையும் கியூபெக்கில் டொமினியன் ஆர்சனல்ங்கற அரசுத் தொழிற்சாலையில செஞ்சது. அந்தத் தோட்டா அளவு பிசகாம வரும். அதை ராஸில் போட்டா வெண்ணெய் மாதிரி வேலை செய்யும். தோட்டாவும் நம்மளுது, துப்பாக்கியும் நம்மளுது. சோதனையில எல்லாம் பாஸ்.

1914 ஆகஸ்டுல உலக யுத்தம் வந்துடுச்சு. பிரிட்டனுக்கு ஒரே நேரத்துல மலை மலையாத் தோட்டா தேவைப்பட்டுச்சு. பழைய தொழிற்சாலை, புதுத் தொழிற்சாலை, அனுபவம் இருக்கறவன், இல்லாதவன்னு எல்லாரும் இரவு பகலா .303 செஞ்சாங்க. அவசரத்துல செய்யற பொருள் எல்லாம் ஒரே அளவா வருமா? சிலது கொஞ்சம் பெருத்து வந்தது. இன்ஸ்பெக்டர்களும் கண்டுக்கலை. ஏன் கண்டுக்கணும்? லீ-என்ஃபீல்டில் போட்டா சுடுதே!

1915 பிப்ரவரியில முதல் கனடிய டிவிஷன் பிரான்ஸ் போய்ச் சேர்ந்துச்சு. தோள்ல ராஸ். பிரிட்டிஷ் ராணுவத்தோட சப்ளை வரிசையில சேர்ந்ததால, பைக்குள்ள வர வர பிரிட்டிஷ் தோட்டா. இந்த ரெண்டும் நெருப்புக்கு நடுவுல ஒண்ணா சேர்றது அப்போதான். இங்கே ஒரு குறிப்பு. பிரின்சஸ் பட்ரீஷியா காலாட்படைன்னு ஒரு கனடிய ரெஜிமென்ட், பிரிட்டிஷ் டிவிஷனோட சேர்ந்து முன்னாடியே போனவங்க. அவங்க பிரான்ஸ் போறதுக்கு முன்னாலயே ராஸைக் கொடுத்துட்டு லீ-என்ஃபீல்டு வாங்கிக்கிட்டாங்க. அவங்க தப்பிச்சாங்க.

ஏப்ரல் 22, 1915. பெல்ஜியத்துல ஈப்ர் நகரம். (பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பேர் வாயில நுழையாம "வைப்பர்ஸ்"னு ஆக்கிட்டாங்க. திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கின ஆட்களாச்சே.) சாயங்காலம் அஞ்சு மணி வாக்கில ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து குளோரின் வாயுவை விட்டாங்க. பச்சை மஞ்சள் நிறத்துல ஒரு சுவர் தரையோட தரையா நகர்ந்து வந்தது. எதிர்ல இருந்த பிரெஞ்சு, அல்ஜீரியப் படைகள் நிலைகுலைஞ்சு போச்சு. அந்தப் பெரிய ஓட்டைக்குப் பக்கத்துல நின்னவங்க கனடியர்கள். ரெண்டு நாள் கழிச்சு, 24ஆம் தேதி, வாயு நேரா அவங்க மேலயே வந்தது. ஈரத் துணியை மூக்குல கட்டிக்கிட்டு நின்னு சுட்டாங்க.

சுட்டாங்கன்னு சொன்னேன். சுட முயற்சி பண்ணாங்கன்னு சொல்றதுதான் சரி.

முதல் சில ரவுண்டு போகும். அப்புறம் போல்ட்டை இழுத்தா வராது. காலிக்கூடு உள்ள சிக்கிக்கும். எதிரி வந்துக்கிட்டே இருக்கான். துப்பாக்கியைத் தரையில ஊன்றி, போல்ட் கைப்பிடியைப் பூட்ஸ் காலால உதைச்சாங்க. குழி தோண்டற கருவியோட கைப்பிடியால அடிச்சாங்க. கண்ணுல வாயு எரியுது, மூச்சு விட முடியலை, கையில இருக்கறது இரும்புத் தடி. பக்கத்துல செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாயோட லீ-என்ஃபீல்டை எடுத்துக்கிட்டவங்க சண்டையைத் தொடர்ந்தாங்க.

அந்தச் சில நாள்ல கனடிய டிவிஷனுக்கு 6,000க்கு மேல இழப்பு. அதுல சுமார் 2,000 பேர் செத்துட்டாங்க. இதுல எத்தனை பேர் துப்பாக்கி சிக்கிக்கிட்டதால செத்தாங்கன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. வாயுவும் பீரங்கியும் கணக்கு வச்சுக்கிட்டுக் கொல்றதில்லை. ஆனா ஒரே ஒரு கணக்கு இருக்கு, எனக்கு அதுவே போதும். போர்முனையிலிருந்து திரும்பின 5,000 காலாட்படை வீரர்கள்ல 1,452 பேர் கையில ராஸ் இல்லை. தூக்கி எறிஞ்சுட்டு லீ-என்ஃபீல்டோட வந்திருந்தாங்க. ராணுவத்துல கொடுத்த ஆயுதத்தைக் கை விடறது எவ்வளவு பெரிய குத்தம்னு உங்களுக்கே தெரியும். கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் அந்தக் குத்தத்தைச் செஞ்சிருக்காங்க. கமிட்டி போட வேண்டிய அவசியமே இல்லாத ரிப்போர்ட் இது.

(அதே ஈப்ரில் ஏப்ரல் 26ல் நம்ம லாகூர் டிவிஷனும் தாக்குதலில் இறங்கிச்சு. 55ஆவது கோக்ஸ் ரைஃபிள்ஸின் ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் வாங்கினது அன்னைக்குத்தான். அந்தக் கதையைத் தனியா எழுதணும்.)

இப்போ ஏன் சிக்கிச்சுன்னு பார்ப்போம். சுடறப்போ உள்ளே இருக்கற அழுத்தத்துல பித்தளைக் கூடு விரிஞ்சு சேம்பர் சுவரோட ஒட்டிக்கும். அழுத்தம் போனதும் துளி சுருங்கும். அந்தத் துளிச் சுருக்கம்தான் கூடு வெளியே வர்றதுக்கான வழி. ஏற்கனவே பெருத்த தோட்டாவை இறுக்கமான அறைக்குள்ள திணிச்சிருந்தா, சுட்டதும் அது ஆப்பு அடிச்ச மாதிரி நிக்கும். கூடவே ஃபிளாண்டர்ஸ் சேறு. வேகமா சுட்டதால வந்த சூடு.

சாதாரண போல்ட்ல இதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. கைப்பிடியை மேலே தூக்கறோமே, அந்த அசைவு நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு, கூட்டை முதல்ல கொஞ்சம் அசைச்சுக் கொடுத்துடும். அப்புறம் இழுத்தா வந்துடும். பாட்டில் மூடியை நேரா இழுக்கறதுக்கும் திருகி எடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கோங்களேன். ராஸில் மிச்சம் பிடிச்ச ரெண்டு அசைவுல அந்த நெம்புகோல் பலமும் பெரும்பாலும் போயிடுச்சு. முழுக்க முழுக்கக் கை பலம்தான், அப்புறம் கால் பலம்.

உதைக்கறதுல இன்னொரு வினை இருந்தது. இதைப் படிச்சப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போல்ட்டைப் பின்னால இழுத்தா ஒரு கட்டத்துல நிக்கணுமே, அதுக்கு ஒரு சின்ன இரும்புத் தடுப்பு இருக்கும். மார்க் 3ல் போல்ட் தலையில திருகு மறை மாதிரி வெட்டுகள் இருக்கும். அதுல கடைசி மறை அந்தத் தடுப்புல போய் மோதும். தடுப்பு சின்னது. போல்ட் தலையோட இரும்பும் போதுமான கடினம் இல்லை. பூட்ஸ் காலால உதைக்க உதைக்க அந்த மறை நசுங்கிடும். நசுங்கின மறை துப்பாக்கிக்குள்ள தன் வழியில போகாது. அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல தோட்டா போட்டாலும் சிக்கும்!

இப்போ இதைச் சோதிக்கப் போறவரோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. புது ராஸ், கனடியத் தோட்டா: அருமை. புது ராஸ், பிரிட்டிஷ் தோட்டா: சிக்கல். அடி வாங்கின ராஸ், கனடியத் தோட்டா: அதுவும் சிக்கல். ஒரு கோளாறு இன்னொரு கோளாறைப் பெத்துப் போட்டுட்டு, அடையாளத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. தடுப்பைப் பெரிசு பண்ணி, போல்ட் தலையைக் கடினமாக்கற வேலை பின்னாடிதான் நடந்தது.

பிரிட்டிஷ் தளபதி சர் ஜான் ஃப்ரெஞ்ச் சோதனை நடத்தச் சொன்னார். வேகமாச் சுடறப்போ கனடியத் தோட்டா போட்டா ராஸ் ஒழுங்கா வேலை செய்யுது, பிரிட்டிஷ் தோட்டாவுக்கு அந்த நம்பிக்கை இல்லைன்னு தெரிஞ்சது. 1915 ஜூனில் முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுக்கச் சொல்லிட்டார்.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியலை. இந்த இடத்துலதான் மனுஷங்க வர்றாங்க.

ஹியூஸ் தரப்பு என்ன சொல்லிச்சு? துப்பாக்கியில ஒரு குத்தமும் இல்லை, பிரிட்டிஷ்காரன் கொடுத்த தோட்டாதான் மட்டம். தோட்டா செஞ்சவங்களைக் கேட்டா? அதே தோட்டா லட்சக்கணக்கான லீ-என்ஃபீல்டுல ஓடுதே, உங்க துப்பாக்கியைப் பாருங்க. வேடிக்கை என்னன்னா ரெண்டு பேர் சொன்னதுலயும் உண்மை இருந்தது. ராஸ் தன் வரைபடத்தின்படி சரியாத்தான் இருந்தது. தோட்டாவும் தன் இன்ஸ்பெக்டர் கணக்குல சரிதான். ரெண்டுக்கும் நடுவுல இருந்த அந்தத் தலைமுடி அளவுக்கு மட்டும் யாரும் பொறுப்பாளி இல்லை.

எங்க வீட்டுப் பூட்டுக்கு ஒருமுறை நகல் சாவி போட்டேன். திறக்கலை. சாவி போட்டவர் சாவியை மூலச் சாவி மேல வச்சுக் காட்டி "பாருங்க, அச்சு அசல்"ங்கறார். பூட்டு வித்தவர் "மூலச் சாவியில திறக்குதே, என் பூட்டுல என்ன குறை?"ங்கறார். நான் மழையில கதவுக்கு வெளியே நிக்கறேன். ரெண்டு பேரும் யோக்கியர்கள்தான். எனக்கு மழையோட போச்சு. ஈப்ரில் நின்னவங்களுக்கு?

சேம்பரைக் கடைஞ்சு கொஞ்சம் பெரிசாக்கின ராஸ்களோட கனடாவின் ரெண்டாவது, மூணாவது டிவிஷன்கள் போர்முனையில தொடர்ந்தாங்க. 1916 தொடக்கத்துல கனடியப் படையின் தளபதி எட்வின் ஆல்டர்சன், ராஸில் என்னென்ன குறைன்னு பட்டியல் போட்டு ஒட்டாவாவுக்கு எழுதினார். ஹியூஸுக்குக் கோபம் தலைக்கேறிச்சு. உங்களுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்ங்கற தொனியில ஒரு பதில். அதுவும் ஆல்டர்சனுக்கு மட்டும் இல்லை. அந்தக் கடிதத்தோட நகல் 281 பேருக்குப் போச்சு. ஒரு தளபதியை அவர் கீழ வேலை செய்யறவங்க முன்னாடி அவமானப்படுத்தறதுக்கு இதைவிட என்ன வழி? அந்த மே மாசமே ஆல்டர்சனைப் பதவியிலிருந்து எடுத்துட்டு ஜூலியன் பிங்கை வச்சாங்க. அதுக்கு செயின்ட் எலுவா சண்டையில நடந்த குளறுபடியும் ஒரு காரணம். ஆனா ராஸ் விவகாரத்துக்கும் அதுல பங்கு உண்டு.

ஆனா படை ஃப்ரெஞ்சுக்கு அடுத்து வந்த டக்ளஸ் ஹெய்க் கிட்ட போனப்பவும் பதில் அதேதான். சிப்பாய்களுக்கு ராஸ் மேல நம்பிக்கை இல்லை, மாத்துங்க. 1916 கோடை முடியறதுக்குள்ள மீதி டிவிஷன்களுக்கும் லீ-என்ஃபீல்டு வந்துடுச்சு. நவம்பர்ல பிரதமர் ராபர்ட் போர்டன் ஹியூஸை அமைச்சரவையை விட்டே அனுப்பினார். 1917ல் தொழிற்சாலையை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. சர் சார்லஸ் ராஸுக்கு நஷ்டஈடா 20 லட்சம் டாலர் கிடைச்சது. மொத்தம் செஞ்ச ராணுவ ராஸ்கள் சுமார் 4,20,000. பூட்ஸ் காலால உதைச்சவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்காதீங்க.

ஒரு விஷயத்தை ஒளிச்சு வச்சா நான் நேர்மையான ஆள் இல்லை. எல்லாரும் ராஸைத் தூக்கி எறிஞ்சப்போ அதை விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டவங்க ஒரு கூட்டம் இருந்தாங்க. மறைஞ்சிருந்து சுடற ஸ்நைப்பர்கள். அவங்கள்ல பெரிய பேர் ஃப்ரான்சிஸ் பெகமகபோ. ஒண்டாரியோவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் கணக்குல 378 பேர்னு சொல்வாங்க. மிலிட்டரி மெடலை மூணு தடவை வாங்கினவர். அவர் கையில இருந்தது ராஸ்.

எப்படி? ஸ்நைப்பர் நிமிஷத்துக்கு 15 ரவுண்டு சுடறதில்லை. மணிக்கணக்காக் காத்திருந்து ஒரே ஒரு குண்டு. துப்பாக்கியைக் குழந்தை மாதிரித் துணியில சுத்தி வச்சுப்பான். எந்தத் தோட்டாவைப் போடணும்னு பார்த்துப் போட அவனுக்கு நேரம் இருக்கு. லீ-என்ஃபீல்டை விட ராஸ் துல்லியமா சுட்டதுக்குக் காரணங்கள்ல ஒண்ணு அந்த இறுக்கமான சேம்பர்தான். எது ஒரு சிப்பாயைக் கை விட்டுச்சோ அதுவேதான் இன்னொருத்தனைக் காப்பாத்திச்சு. அதனால ராஸ் மோசமான துப்பாக்கின்னு எளிதா எழுதிட்டுப் போக எனக்கு மனசு வரலை. நல்ல துப்பாக்கி. தப்பான ஆட்களுக்கு, தப்பான தோட்டாவோட, தப்பான இடத்துல கொடுக்கப்பட்ட நல்ல துப்பாக்கி.

எனக்கு இதுல உறுத்தற விஷயம் ஒண்ணுதான். இந்தப் பிரச்சனையைக் கண்டுபிடிக்க எந்த விஞ்ஞானமும் தேவைப்படலை. 1914லயே, கப்பல் ஏறறதுக்கு முன்னாடி, ஒரு பெட்டி பிரிட்டிஷ் தோட்டாவை வாங்கி வந்து, பத்து ராஸில் வேகமா சுட்டுப் பார்த்திருந்தா ஒரு மதியத்துல விஷயம் வெளிய வந்திருக்கும். இன்னைக்கு வீட்டு மேஜையில உட்கார்ந்து பிஸ்டல் தோட்டா செய்யற ஆள் குழலைக் கழட்டி "டப்"னு போட்டுப் பார்க்கறானே, அதே சோதனையோட பெரிய வடிவம். துப்பாக்கியைச் சோதிச்சாங்க, பரிசு வாங்கினாங்க. தோட்டாவைச் சோதிச்சாங்க, முத்திரை குத்தினாங்க. ரெண்டையும் சேர்த்து வச்சு, எங்கே யார் கையில பயன்படப் போகுதோ அந்த நிலைமையில சோதிச்சுப் பார்க்கறது மட்டும் யாரோட வேலையாவும் இல்லாம போச்சு. கடைசியில அந்தச் சோதனையை 1,452 பேர் செஞ்சாங்க. எழுத நேரம் இல்லாததால, துப்பாக்கியைக் கீழே போட்டு ரிப்போர்ட் கொடுத்தாங்க.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கற நண்பர்கள் இந்நேரம் சிரிச்சிட்டிருப்பீங்க. "என் மாட்யூல் ஓடுது, உன் மாட்யூல்லதான் பிரச்சனை"ங்கற வசனம் நமக்குப் புதுசா என்ன :-) நம்ம சண்டையில யாரும் சாகறதில்லை, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அப்புறம் அந்த நகல் சாவி. சாவிக்காரரையே கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். பூட்டுல போட்டுத் திருப்பிப் பார்த்தார், வெளியே எடுத்தார், ஒரே ஒரு இடத்துல ரெண்டு இழுப்பு அரம் போட்டார். திறந்துடுச்சு. கடையில உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினதுக்கு முதல்லயே இதைச் செஞ்சிருக்கலாம்.